தேர்தல் பிரசாரக் காலத்தில் மிரட்டலும் வன்முறையும்: தமிழ்நாட்டு வாக்காளருக்கான முழுமையான வழிகாட்டி

மதுரை மாவட்டம் மேலவளவில், ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30 அன்று தம்முடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். கொலை நடந்தது தேர்தல் முடிந்து ஆறு மாதம் கழித்து என்றாலும், அதன் தொடக்கம் வேட்புமனுத் தாக்கலிலேயே இருந்தது. 1996இல் முதலில் மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டலுக்கு அஞ்சி விலகிக்கொண்டார்கள். பிறகு நடந்த வாக்குப்பதிவில் வாக்குப்பெட்டிகள் தூக்கிச் செல்லப்பட்டன. அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை, ஏறத்தாழ பத்தாண்டுகள், முறையாக ஒரு தலைவர் தேர்தலைக்கூட நடத்த முடியவில்லை. 2019 ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவு நாளிலேயே, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டு வீடுகள் சேதப்படுத்தப்பட்டன.

தேர்தல் வன்முறைக்கு எதிராகச் சட்டம் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி வாக்குப்பதிவுக்கு முன்பே பயன்படுத்தப்பட வேண்டியது. வாக்குப்பதிவு முடிந்த பிறகு எஞ்சியிருக்கும் வழிகள் குறுகலானவை, மெதுவானவை. அதனால்தான் மிரட்டல் சொல்லப்பட்ட அன்றே அதை எழுத்தில் பதிவு செய்வதை இந்த வழிகாட்டி மற்ற எல்லாவற்றையும்விட வலியுறுத்துகிறது. இதில் சொல்லப்படுபவை முதன்மையாகச் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு உரியவை. உள்ளாட்சித் தேர்தலில் மாறுபடும் இடங்களைப் பின்னர் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

படி 1: நேர்ந்தது என்ன குற்றம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அரிவாளோடு வந்து நிற்பதை யாரும் மிரட்டல் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நம் ஊர்களில் வாக்காளர் மீது செலுத்தப்படும் அழுத்தம் பெரும்பாலும் வேறு வடிவத்தில் வருகிறது. ‘நூறு நாள் வேலையில் உன் பேர் இருக்காது’ என்கிறார்கள்; பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது என்கிறார்கள்; கோயில் திருவிழாவில் வரி வாங்க மாட்டோம், ஊரை விட்டு ஒதுக்கி வைப்போம் என்கிறார்கள். இவற்றை ஊர் வழக்கம் என்று பலரும் சகித்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 123(2) பிரிவு, வேட்பாளரையோ வாக்காளரையோ சமூகப் புறக்கணிப்பு செய்வதாகவும் சாதியிலிருந்தோ சமூகத்திலிருந்தோ விலக்கி வைப்பதாகவும் மிரட்டுவதைத் தகாத செல்வாக்கு என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர்களின் இசைவோடு வேறொருவரோ இதைச் செய்ததாக நிரூபிக்கப்பட்டால், வெற்றி பெற்றவரின் தேர்தலே செல்லாது என அறிவிக்கப்படலாம்.

தெய்வத்தின் பெயரைச் சொல்லி அச்சுறுத்துவதும் இதில் அடங்கும். பணத்தைக் கையில் திணித்துவிட்டு, கற்பூரம் ஏற்றியோ பால் மீதோ சத்தியம் வாங்கி, சொன்ன சின்னத்துக்குப் போடாவிட்டால் சாமி குற்றம் வந்து சேரும் என்று சொல்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171ஆவது பிரிவின்படி தேர்தல் குற்றம். 174ஆவது பிரிவு அதற்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அப்படி வாங்கப்பட்ட சத்தியம் எவரையும் கட்டுப்படுத்தாது என்பதை, குறிப்பாக வீட்டிலுள்ள மூத்த பெண்களுக்கு, பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாக்களிக்கப் போகவிடாமல் ஒரு வாக்காளரை மிரட்டித் தடுப்பது, வாக்குச்சாவடியைக் கைப்பற்றும் குற்றத்தின் ஒரு வகையாகவே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135அ பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளது. வாக்குச்சாவடிக்குள் நுழைந்து இயந்திரத்தைப் பறித்தால்தான் அந்தக் குற்றம் என்று பலர் எண்ணுகிறார்கள். தெருமுனையில் நின்று ‘இன்னைக்கு யாரும் வெளியே வரக்கூடாது’ என்று சொல்லி மறித்தாலும் அதே பிரிவுதான். குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. அரசு ஊழியர் உடந்தையாக இருந்தால் மூன்று முதல் ஐந்தாண்டு வரை.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் மிரட்டினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் 3(1)(எல்) பிரிவு பொருந்தும். குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்கச் சொல்வதும், வாக்களிக்காதே என்று தடுப்பதும், மனுத் தாக்கல் செய்யவிடாமல் தடுப்பதும், தாக்கல் செய்த மனுவைத் திரும்பப் பெற வைப்பதும், முன்மொழிய வருபவரைத் தடுப்பதும் இதில் அடங்கும். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. மேலவளவில் 1996இல் நடந்தது இன்று நடந்தால், முதல் மிரட்டலிலேயே வழக்குப் பதியலாம் என்பதே இதன் பொருள்.

தேர்தல் நடத்தை விதிமுறைகள் தேர்தல் அட்டவணை அறிவிக்கப்பட்ட நொடியிலிருந்து நடைமுறைக்கு வருகின்றன. ஒருவருடைய கருத்துக்காக அவர் வீட்டின் முன் கூடி ஆர்ப்பாட்டம் செய்யக்கூடாது, உரிமையாளரின் அனுமதியின்றி அவர் சுவரில் எழுதவோ கொடி கட்டவோ கூடாது, மற்றவர் கூட்டத்தைக் கலைக்கக்கூடாது என்று அவை சொல்கின்றன. இவ்விதிமுறைகளுக்குத் தனிச் சட்டத்தின் வலு இல்லை. ஆயினும் கூட்டத்தைக் கலைப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. அந்தப் பிரிவு, தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து தேர்தல் நாள் வரை தொகுதியில் நடக்கும் எல்லா அரசியல் பொதுக்கூட்டங்களுக்கும் பொருந்தும். கட்சி சாராத ஊர்மக்கள் வேட்பாளர்களைக் கேள்வி கேட்க நடத்தும் பொதுக்கூட்டமும் அரசியல் தன்மையுள்ள கூட்டமே. கூட்டத் தலைவர் கேட்டுக்கொண்டால், இடையூறு செய்பவரின் பெயரையும் முகவரியையும் காவலர் கேட்கலாம். சொல்ல மறுப்பவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். கூட்டம் நடத்துபவர்கள் இந்த அதிகாரத்தைக் காவலருக்கு அந்த இடத்திலேயே நினைவூட்ட வேண்டும்.

படி 2: பதற்றமான பகுதிப் பட்டியலில் உங்கள் குடியிருப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பாக, எந்தக் குடியிருப்பில் எந்த வாக்காளர்கள் மிரட்டப்படக்கூடும், மிரட்டக்கூடியவர்கள் யார் என்று கண்டறிந்து பெயரோடு பதிவு செய்யும்படி மாவட்ட நிர்வாகத்துக்குத் தேர்தல் ஆணையம் உத்தரவிடுகிறது. மண்டல அலுவலர்கள் இதற்காக நேரில் வருவார்கள். அவர்கள் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு ‘எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்று எழுதிச் சென்றுவிட்டால், அந்தக் குடியிருப்புக்குக் கூடுதல் காவலோ, துணை ராணுவப் படையோ, இணையவழிக் கண்காணிப்போ கிடைப்பதற்கான வாய்ப்பு குறைந்துவிடும்.

எனவே தேர்தல் அறிவிக்கப்பட்ட முதல் வாரத்திலேயே, குடியிருப்பைச் சேர்ந்த பலர் கையொப்பமிட்டு, தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரே மனுவைக் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சி ஆணையரே மாவட்டத் தேர்தல் அலுவலர் என்பதால் மனு அவருக்குப் போக வேண்டும். காவல் துறை நகல் மாநகரக் காவல் ஆணையருக்கு. முந்தைய தேர்தல்களில் நடந்தவை, அப்போது பதிவான வழக்கு எண்கள், வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் எந்தத் தெருவைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பன அதில் இருக்கட்டும். வாக்குச்சாவடி ஆதிக்கச் சாதியினரின் தெருவுக்குள் இருந்தால், அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மிரட்டக்கூடியவர் என்று நீங்கள் பெயர் குறிப்பிடும் நபரிடமிருந்து, நிர்வாகத் துறை நடுவரான கோட்டாட்சியர் மூலம் அமைதி காப்பதற்கான பிணைப்பத்திரம் எழுதி வாங்கும்படி காவல் துறையைக் கேட்கலாம். தேர்தல் காலத்தில் இது வழக்கமாக நடக்கும் நடவடிக்கை. கேட்பவர்கள் இருந்தால் சரியான ஆள்மீது நடக்கும்.

படி 3: தாக்குதல் நடந்தால் முதலில் உயிரும் உடலும்

112ஐ அழையுங்கள், காயம் பட்டிருந்தால் 108. அழைத்த நேரம் அவர்களுடைய பதிவில் ஏறிவிடும் என்பதால், பின்னர் அதுவே ஒரு சான்றாகும். காயம் சிறிதாக இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும்போது ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று பயத்தில் சொல்லிவிடுவது வழக்கைத் தொடக்கத்திலேயே சாய்த்துவிடும். யார், எத்தனை பேர், எந்த ஆயுதத்தால், எப்போது, எங்கே என்று சொல்லி, விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்த ஏ.ஆர். காப்பி பிற்பாடு நீதிமன்றத்தில் மற்ற எல்லா ஆவணங்களுக்கும் முன்னால் பார்க்கப்படும். காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வாருங்கள் என்று எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையை மறுக்க முடியாது. இதை உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உறுதிபடச் சொல்லிவிட்டது.

படி 4: சான்றுகளைச் சிதையாமல் காப்பாற்றுங்கள்

கைப்பேசியில் எடுத்த காணொளியின் மூலக் கோப்பை வெட்டாமல், பாட்டு சேர்க்காமல், எடுத்த கைப்பேசியிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பு சுருங்கிவிடுகிறது. எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரங்களும் போய்விடுகின்றன. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. கைப்பேசிக்கு உரியவர் யார் என்பது தெளிவாக இருந்தால் அதைப் பெறுவது எளிது. சமூக ஊடகத்தில் உடனே பதிவேற்றும் ஆசை இயல்பானது. ஆனாலும், அதில் முகம் தெரியும் பெண்களும் சிறுவர்களும் அடுத்த தாக்குதலுக்கு இலக்காவதைப் பார்க்கும்போது, முதலில் அதிகாரிகளிடம் கொடுப்பதே பாதுகாப்பானது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

காணொளி இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்று நினைக்க வேண்டாம். அன்றிரவே ஒரு தாளில், சொல்லப்பட்ட மிரட்டல் வார்த்தைகளை, கெட்ட வார்த்தைகள் உட்பட, சொன்னது சொன்னபடி எழுதுங்கள். வாகன எண், கொடியின் நிறம், உடனிருந்தவர்கள் பெயர், தெருவிளக்கு எரிந்ததா என்பது வரை எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள். உடைக்கப்பட்ட ஓட்டையும் கண்ணாடியையும் காவல் துறை வந்து, நிகழ்விடத்தில் கண்டதைப் பதிவு செய்யும் பார்வை மகஜர் எழுதும் வரை அள்ளிப் போடாதீர்கள். சாதியையோ மதத்தையோ தூண்டிவிடும் துண்டறிக்கை கிடைத்தால், அதில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் அச்சிடுவதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவின்படி ஒரு தனிக் குற்றம்.

படி 5: தேர்தல் அமைப்பிடம் புகார் செய்யுங்கள்

தேர்தல் ஆணையம் 2018இல் அறிமுகப்படுத்திய சி-விஜில் செயலியில் படமோ இரண்டு நிமிடம் வரையிலான காணொளியோ எடுத்து அனுப்பலாம். இடத்தைச் செயலியே குறித்துக்கொள்கிறது. பறக்கும் படை வந்து பார்த்து, 100 நிமிடத்துக்குள் நடவடிக்கையை முடிக்க வேண்டும் என்பது இலக்கு. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் புகார் என்னவாயிற்று என்று பின்தொடர முடியாது. செயலிக்குள்ளேயே அப்போதே எடுத்த படத்தை மட்டும்தான் அது ஏற்கும். முன்பே எடுத்து வைத்ததை ஏற்காது. ஆகவே பணப் பட்டுவாடா, ஆயுதம், சுவர் விளம்பரம், அனுமதியற்ற ஊர்வலம் போன்று கண்முன் நடப்பவற்றுக்கு இது மிகவும் பயன்படும். நேற்றிரவு வீட்டு வாசலில் சொல்லிச் சென்ற மிரட்டலுக்குப் பயன்படாது.

அத்தகைய மிரட்டலுக்கு எழுத்துப் புகாரே வழி. 1950 என்ற எண்ணில் சொல்லிப் புகார் எண் பெறுங்கள். கூடவே தேர்தல் நடத்தும் அலுவலருக்கும், தொகுதிக்கு வெளியிலிருந்து அனுப்பப்பட்டிருக்கும் பொதுப் பார்வையாளருக்கும் காவல் பார்வையாளருக்கும் எழுதிக் கொடுங்கள். பார்வையாளர்களின் தொலைபேசி எண்களும், அவர்கள் பொதுமக்களைச் சந்திக்கும் நேரமும் மாவட்ட நிர்வாகத்தால் அறிவிக்கப்படும். உள்ளூர் அரசியலோடு தொடர்பில்லாத வெளிமாநில அதிகாரிகள் என்பதால், உள்ளூரில் தள்ளிவிடப்பட்ட புகாருக்கு இவர்களே நல்ல கதவு. தேர்தலுக்காகப் பணியமர்த்தப்பட்ட காவலர்கள், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28அ பிரிவின்படி, முடிவு அறிவிக்கப்படும் வரை தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். ஒரு காவல் அதிகாரி ஒருதலைப்பட்சமாக நடந்தால், அவரைத் தேர்தல் பணியிலிருந்து மாற்றும்படி ஆணையத்திடம் கேட்கும் உரிமை வாக்காளருக்கும் உண்டு.

படி 6: காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை

தேர்தல் அமைப்பிடம் கொடுத்த புகார், காவல் நிலையப் புகாருக்கு ஈடாகாது. முன்னது நடப்பதைத் தடுக்கும்; தண்டிப்பதற்குப் பின்னது வேண்டும். இரண்டையும் செய்யுங்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தேர்தலில் தகாத செல்வாக்குச் செலுத்துவது என்ற குற்றத்தை மட்டும் எழுதினால், அது பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம், நீதித்துறை நடுவரின் அனுமதியின்றி விசாரிக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட முடியும். அதனால் புகாரில் ‘மிரட்டினார்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், நடந்தவை முழுவதையும் எழுத வேண்டும். வீட்டுக்குள் நுழைந்தார்களா, கல் எறிந்தார்களா, ஆயுதம் வைத்திருந்தார்களா, கூட்டமாக வந்தார்களா, சாதிப் பெயரைச் சொன்னார்களா, வழிமறித்தார்களா என்ற ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றத்தை வெளிக்கொணரும். எந்தப் பிரிவு என்று எழுத வேண்டியது காவல் துறையின் வேலை. என்ன நடந்தது என்று சொல்வது உங்கள் வேலை.

பிடியாணை வேண்டாக் குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் வழக்குப் பதிவது கட்டாயம் என்பது 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும், அது அந்த எல்லைக்கு உட்பட்டதாக இல்லாவிட்டாலும், புகார் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். நம் நிலையங்களில் முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது புகார் பெறப்பட்டதற்கான அத்தாட்சி மட்டுமே. அதை வாங்கிக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று வீடு திரும்பியவர்கள் ஏராளம்.

பதிய மறுத்தால், புகாரைப் பதிவஞ்சலில் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லையென்றால் அதே சன்ஹிதாவின் 175(3) பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். வன்கொடுமை வழக்கில் முன் விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18அ பிரிவு சொல்கிறது. புலனாய்வைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி செய்ய வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் பிரிவைச் சேராத அரசு ஊழியருக்கு அதே சட்டத்தின் 4ஆவது பிரிவில் தண்டனை உண்டு. விசாரணைக்கு என்று பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் நிலையத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும்.

வழக்கறிஞருக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் 15100ஐ அழைக்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

படி 7: வாக்குப்பதிவு நாளில்

தனியாகப் போகாமல் குழுவாகச் செல்லுங்கள். வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பதும், அதன் அருகே ஆயுதத்தோடு நடமாடுவதும் குற்றம். உங்கள் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டார் என்றால், சண்டையிட்டுத் திரும்பிவிடாமல் தேர்தல் நடத்தும் விதிகளின் 49பி (49P) விதியின்கீழ் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைக் கேட்டுப் பெற்று வாக்களியுங்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. தேர்தல் வழக்கு வந்தால் அது பேசும்.

வழிமறிப்போ கலவரமோ நடந்தால், வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, அவருடைய நாட்குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிடுவது தேர்தல் ஆணையம். அது பார்ப்பது அந்த நாட்குறிப்பு, தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிக்கை, பார்வையாளரின் அறிக்கை ஆகியவற்றை. இவற்றில் ஏறாத நிகழ்வை மறுநாள் செய்தியாளர் சந்திப்பில் சொல்லிப் பயனில்லை. 2019 மே 19 அன்று தமிழகத்தில் 13 வாக்குச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தபோது, அவற்றில் 8 தருமபுரி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. அங்கே வாக்குச்சாவடி கைப்பற்றப்பட்டதாகப் புகார்கள் எழுந்திருந்தன.

படி 8: முடிவுக்குப் பிறகு வரும் பழிவாங்கல்

‘யாருக்குப் போட்டே என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்’ என்பது பிரசாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் மிரட்டல். தனி ஒருவரின் வாக்கு யாருக்கும் தெரியாது. வாக்களித்த விவரத்தைச் சொல்லும்படி நீதிமன்றத்தில்கூட ஒரு சாட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவு. ஆனால் வாக்குகள் வாக்குச்சாவடி வாரியாக எண்ணப்படுவதால், ஒரு குடியிருப்பு மொத்தமாக எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரிந்துவிடுகிறது. பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015இல் தனது 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. அது இன்னும் நடைமுறைக்கு வராமலிருப்பது சிறு குடியிருப்புகளில் வாழும் மக்களுக்குச் செய்யப்படும் அநீதி என்றே கருதுகிறேன். அதுவரை, எண்ணிக்கை நாளுக்கும் அதற்கடுத்த நாட்களுக்கும் காவல் பாதுகாப்பைத் தொடரும்படி முன்கூட்டியே மனுக் கொடுப்பது அவசியம்.

வழக்கில் சாட்சியாக இருப்பவருக்கு அச்சுறுத்தல் வந்தால், 2018இல் உச்ச நீதிமன்றம் மகேந்தர் சாவ்லா வழக்கில் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காவல் துறை ஐந்து வேலை நாளுக்குள் அச்சுறுத்தல் பற்றிய ஆய்வறிக்கை தர வேண்டும். காயம்பட்டவர்களும் உறவினரை இழந்தவர்களும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீடு கோரலாம். வன்கொடுமை வழக்குகளில் அதற்குரிய நிவாரணத்தை ஆட்சியர் தனியாக வழங்க வேண்டும்.

தேர்தலையே எதிர்த்து வழக்குத் தொடுக்க வேட்பாளராக இருக்கத் தேவையில்லை. அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் தொடுக்கலாம். முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்பதால் 46ஆவது நாள் போனால் பயனில்லை. முறைகேட்டை யார், எங்கே, எப்போது செய்தார் என்ற விவரங்கள் மனுவிலேயே இருக்க வேண்டும். படி 4இல் எழுதி வைத்த அந்தத் தாள் இங்கேதான் தேவைப்படும்.

உள்ளாட்சித் தேர்தல் என்றால், பொறுப்பு தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையத்துடையது. அதன் நடத்தை விதிமுறைகளும் புகார் எண்களும் வேறு. மேலே சொன்ன மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப் பிரிவுகளுக்குப் பதிலாக ஊராட்சிகள் சட்டமும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் பொருந்தும். தேர்தல் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். காவல் நிலையப் புகார், மருத்துவமனைப் பதிவு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சாட்சிப் பாதுகாப்பு, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றில் எந்த மாற்றமும் இல்லை. வேட்பாளரும் மிரட்டுபவரும் ஒரே தெருவில் வசிக்கும் தேர்தல் அது என்பதால், ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் மனுத் தாக்கலின் முதல் நாளிலிருந்தே, வேட்பாளருக்கும் முன்மொழிபவருக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கேட்டு, ஆட்சியரிடமும் கண்காணிப்பாளரிடமும் மனுக் கொடுத்து ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.